வீக்கம் தெரிவதற்கு முன்பே

ஹீமோஃபிலியா என்று சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கத்தியும் பிளேடும்தான். விரலில் சின்ன வெட்டு விழுந்தாலும் ரத்தம் நிற்காமல் ஓடி ஆள் போய்விடுவார் என்று நம்புகிறார்கள். அது தவறு. முகம் மழிக்கும்போது விழும் கீறலைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் எங்களுக்கும் நின்றுவிடும். எங்களைப் படுக்கையில் தள்ளும் ரத்தம் வெளியே வருவதே இல்லை. அது முழங்காலுக்குள்ளும் கணுக்காலுக்குள்ளும் முழங்கைக்குள்ளும் கசிகிறது, சில சமயம் இடுப்புத் தசைக்குள்ளும். தோலில் ஒரு கீறல்கூட இருக்காது.

எனக்குப் பிறவியிலேயே கடுமையான ஹீமோஃபிலியா-ஏ.  இங்கே இந்த நோயின் கதையை நோயாளியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அனுதாபம் தேடி அல்ல. இந்த நோயில் முதல் தகவல் எந்தக் கருவிக்கும் கிடைப்பதில்லை, நோயாளிக்கு மட்டுமே கிடைக்கிறது. அந்தத் தகவலை மருத்துவம் எப்போது காதுகொடுத்துக் கேட்டது, எப்போது கேட்க மறுத்தது என்பதுதான் ஹீமோஃபிலியா சிகிச்சையின் வரலாறு என்பது என் கருத்து.

ஏரிக்கரை உடைந்தால் ஊர்க்காரர்கள் முதலில் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். பிறகு மூங்கில் அடித்து, தழை போட்டு, மண்ணால் இறுக்குவார்கள். ரத்தக்குழாய் உடையும்போதும் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. தட்டணுக்கள் ஓடிவந்து அடைக்கின்றன, பிறகு ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னி அந்த அடைப்பை உறுதியாக்குகின்றன. எங்களுக்குத் தட்டணுக்களில் குறை இல்லை, மூட்டைகள் வந்து சேர்ந்துவிடும். இரண்டாம் வேலைதான் நடக்காது. மேல்தோல் கீறலுக்கு மூட்டைகளே போதும். ஆழத்தில், அழுத்தம் உள்ள இடத்தில், சில மணி நேரத்தில் அவை அடித்துக்கொண்டு போய்விடும்.

குறைவது ஒரே ஒரு புரதம். ஹீமோஃபிலியா-ஏ என்றால் ஃபேக்டர் 8, ஹீமோஃபிலியா-பி என்றால் ஃபேக்டர் 9. இயல்பான அளவில் 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் கடுமையான நோய். 1 முதல் 5 வரை நடுத்தரம், 5 முதல் 40 வரை லேசானது. இந்த எண்கள் காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, வாழ்க்கையில் அவற்றுக்கு இடையே பெரிய தூரம். 3 சதவீதம் உள்ள பையன் விழுந்தால்தான் ரத்தம் கசியும். 1-க்கும் கீழே உள்ளவனுக்கு விழ வேண்டியதில்லை, பள்ளிக்கூடம் வரை நடந்தாலே போதும்.

அதிலும் ஏன் மூட்டு? உடம்பில் ரத்தம் உறைவதைத் தொடங்கிவைப்பது டிஷ்யூ ஃபேக்டர் என்ற புரதம். மூட்டின் உட்சவ்வில் அது மிகக் குறைவு. மூட்டோ நாள் முழுதும் உடல் எடையைத் தாங்கி மடங்கி நிமிர்கிற இடம், அந்தச் சவ்வு முழுக்க நுண்ணிய ரத்தக்குழாய்கள். மற்றவர்களுக்கும் அங்கே சிறு உடைப்புகள் நிகழலாம், தெரியாமலே அடைபட்டுப்போகும். எங்களுக்கு அடைபடாது.

ஒரு கசிவு எப்படித் தொடங்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வலி இல்லை. மூட்டுக்குள் ஒரு சுறுசுறுப்பு, எறும்பு ஊர்வதுபோல. லேசான வெதுவெதுப்பு. காலை முழுக்க நீட்டினால் கடைசி நூலளவு மட்டும் நீளாது, உள்ளே ஏதோ நிறைந்துகொண்டிருக்கிறது என்று தெரியும். தொட்டுப் பார்த்தால் வீக்கம் இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது. மருத்துவ நூல்கள் இந்த முன்னுணர்வைப் பதிவு செய்திருக்கின்றன. பேச்சுப் பழகும் வயதிலேயே பிள்ளைகள் இதைப் பெற்றோரிடம் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். நான் என் அம்மாவிடம் சொன்ன வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "அம்மா, முழங்கால்ல ஆரம்பிச்சிருச்சு."

சிறுவனாக இருந்தபோது ஓர் இரவு, ஒரு மருத்துவமனையின் கேசுவாலிட்டியில், டூட்டி டாக்டர் இரண்டு முழங்காலையும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தார்.

"வீக்கமே இல்லையே தம்பி. ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"இல்லைங்க சார், உள்ள ஆகுது. எனக்குத் தெரியுது."

"அவன் சொன்னா சரியா இருக்கும் டாக்டர்" என்றார் அம்மா.

"வலி மாத்திரை தரேன். வீங்குச்சுன்னா காலைல கூட்டிட்டு வாங்க."

விடியும்போது முழங்கால் பலாக்கொட்டை நிறத்துக்குத் தோல் இழுத்துக்கொண்டு பளபளவென்று இருந்தது. அதை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. அந்த டாக்டரிடம் எனக்குக் கோபம் இல்லை. கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்து முடிவெடுக்கத்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த ஆறேழு மணி நேரத்துக்கு என் மூட்டு கொடுத்த விலை பெரியது.

மூட்டுக்குள் தேங்கிய ரத்தம் சும்மா இருப்பதில்லை. சிவப்பணுக்கள் உடைந்து இரும்பை விடுகின்றன. அந்த இரும்பு குருத்தெலும்பின் செல்களை நேரடியாகக் கொல்கிறது. மறுபக்கம் உட்சவ்வு அந்தக் கழிவை விழுங்கி விழுங்கித் தடிக்கிறது, தடித்த சவ்வில் புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. அவை பலவீனமானவை, எளிதில் உடைபவை. ஆகவே ஒரு கசிவு அடுத்த கசிவுக்கு வழி செய்துவிடுகிறது. ஆறு மாதத்தில் ஒரே மூட்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை தானாகவே ரத்தம் கசிந்தால் அதை 'டார்கெட் ஜாயிண்ட்' என்பார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேர் கேட்ட கையோடு "உங்களுக்கு எது டார்கெட்?" என்று கேட்பது வழக்கம். எனக்கு வலது முழங்கால். குருத்தெலும்பு தேய்ந்துபோய் எலும்போடு எலும்பு உரசுகிறது. பார்ப்பவர்கள் போலியோவா என்று கேட்பார்கள்.

ஊரில் வேறொரு சிக்கலும் உண்டு. பிள்ளை நொண்டினால் வீட்டில் முதலில் தோன்றுவது சுளுக்கு. நல்லெண்ணெய் காய்ச்சித் தடவி, சுளுக்கு வழிப்பவரிடம் கூட்டிப்போய், சூடாக ஒத்தடம் கொடுப்பார்கள். அன்போடு செய்வதுதான். ஆனால் கசிந்துகொண்டிருக்கும் மூட்டை அழுத்தித் தேய்ப்பதும் சூடு வைப்பதும் கசிவைக் கூட்டும். ஓய்வும் ஐஸ் ஒத்தடமும் உடனடி ஃபேக்டரும்தான் வழி. வலிக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது, அது தட்டணுக்களின் வேலையையும் கெடுத்துவிடும். பாராசிட்டமால் சரி. தசைக்குள் ஊசி போடவும் கூடாது.

மூட்டைவிட ஏமாற்றுவது இலியோசோவாஸ் தசை. முதுகெலும்பிலிருந்து இடுப்பு வழியாகத் தொடைக்கு இறங்கும் தசை அது. அதற்குள் ரத்தம் கசிந்தால் அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் வலிக்கும். நோயாளி தொடையை மடக்கிவைத்துக்கொண்டு சுருண்டு கிடப்பார், காலை நீட்டவே விடமாட்டார். வலப்பக்கம் வந்தால் அப்படியே குடல்வால் அழற்சி போலத் தோன்றும். நோயைச் சொல்லாமலோ, சொன்னதைக் கேட்காமலோ அறுவைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. தொடையின் முன்பக்கம் மரத்துப்போவது ஒரு தடயம். அங்கே நரம்பு நசுங்குகிறது. மரத்துப்போயிருக்கிறது என்பதையும் நோயாளி சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி ஃபேக்டர் போடுவது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தயிருக்கு மேல்தட்டில் அந்தப் பெட்டி இருக்கும், 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில். உள்ளே இரண்டு குப்பிகள். ஒன்றில் வெள்ளைப் பொடி, மற்றொன்றில் ஊசித் தண்ணீர். பெட்டியை வெளியே எடுத்துக் குளிர் விட்டபிறகு தண்ணீரைப் பொடிக்குள் இறக்க வேண்டும். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். குப்பியை உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்றினால் பொடி கரைந்து தெளிந்துவிடும். பிறகு பட்டர்ஃபிளை ஊசியால் நரம்பைப் பிடித்து நிதானமாக ஏற்ற வேண்டும். பல வருடம் குத்திக் குத்தி நரம்புகள் தடித்துப்போயிருக்கும். எந்த நரம்பு இன்று ஒத்துழைக்கும் என்று சிஸ்டரைவிட நோயாளிக்கு நன்றாகத் தெரியும்.

கணக்கும் எளிது. ஓர் உடல் எடைக் கிலோவுக்கு ஒரு யூனிட் ஏற்றினால் ரத்தத்தில் ஃபேக்டர் 8 சுமார் 2 சதவீதம் உயரும். 50 கிலோ ஆளுக்கு 40 சதவீதம் உயர்த்த 1,000 யூனிட் வேண்டும். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 12 மணி நேரம், ராத்திரி போட்டது காலையில் பாதியாகிவிடும். உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பின் வழிகாட்டி நெறிகளில் மூட்டுக் கசிவுக்கு இரண்டு வரிசைகள் உள்ளன. மருந்து தாராளமாகக் கிடைக்கும் நாடுகளில் 40 முதல் 60 சதவீதம் வரை உயர்த்த வேண்டும். தட்டுப்பாடு உள்ள நாடுகளில் 10 முதல் 20. முழங்கால் ஒன்றுதான், ரத்தமும் ஒன்றுதான். அந்த அட்டவணையை முதன்முதலில் படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதைத் தயாரித்தவர்கள் நேர்மையானவர்கள், இல்லாத மருந்தை இருப்பதாக எழுதாமல் இருப்பதை வைத்து உயிர் காக்க வழி சொல்கிறார்கள். அந்த வழியால் பிழைத்தவர்களில் நானும் ஒருவன். இருந்தாலும் அந்த இரண்டாவது வரிசை நம் பிள்ளைகளுக்கு நிரந்தரமாகிவிடக் கூடாது.

கசிவு தொடங்கியதும் முடிந்தவரை சீக்கிரம், கூடுமானால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபேக்டர் ஏற வேண்டும். சந்தேகம் இருந்தாலும் முதலில் போடு, பரிசோதனையைப் பிறகு பார் என்பதே இன்றைய நெறி. நோயாளியின் சொல்லுக்கு மருத்துவம் கொடுத்த மரியாதை இது. இந்த இடத்துக்கு வந்துசேர அது நெடுந்தூரம் நடந்திருக்கிறது.

1952-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸ்மேரி பிக்ஸும் குவின் மக்ஃபார்லேனும் குழுவினரும் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். ஹீமோஃபிலியா என்று சொல்லப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தை வேறொரு ஹீமோஃபிலியா நோயாளியின் ரத்தத்தோடு கலந்தபோது கலவை ஒழுங்காக உறைந்தது. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது, ஆகவே நோய் ஒன்றல்ல, இரண்டு. பையன் பெயர் ஸ்டீபன் கிறிஸ்மஸ். கட்டுரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் டிசம்பர் கடைசி வார இதழில் வந்தது, ஹீமோஃபிலியா-பி அவன் பெயரால் கிறிஸ்மஸ் நோய் ஆயிற்று. அவர் வளர்ந்து டொராண்டோவில் டாக்சி ஓட்டினார், புகைப்படக் கலைஞராக இருந்தார். ஏற்றிய ரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. தொற்றி, ரத்தப் பாதுகாப்புக்காகப் போராடி, 1993-இல் காலமானார்.

அவர் பிறந்த காலத்தில் எங்களுக்கு இருந்த ஒரே சிகிச்சை முழு ரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றுவது. பிளாஸ்மாவில் ஃபேக்டர் 8 மிகக் குறைவு, போதிய அளவு தர முயன்றால் இதயம் தாங்காது. 1960-களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் பூல் ஒன்றைக் கவனித்தார். உறைந்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெதுவாக உருகவிட்டால் அடியில் ஒரு மண்டி தங்கியது. ஃபேக்டர் 8-இன் பெரும்பங்கு அதில்தான் இருந்தது. கிரையோ என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் அந்த மண்டியை எந்த ரத்த வங்கியும் தயாரிக்கலாம். அவர் கண்டறிந்த முறை எங்களில் எத்தனையோ பேரைப் பிழைக்கவைத்தது. பிறகு உலர்பொடியாக வந்தது ஃபேக்டர். பொடி வந்ததும் சிகிச்சை வீட்டுக்கு வந்தது. கசிவை உணர்ந்தவரே ஊசியும் போட்டுக்கொள்ளலாம், கேசுவாலிட்டியில் யாரையும் நம்பவைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கும் வேலைக்கும் போகும் தைரியம் எங்கள் தலைமுறைகளுக்கு அப்போதுதான் வந்தது.

அந்தப் பொடிக்குள்தான் எமன் இருந்தான். ஒரு தொகுதி பொடிக்கு ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மா ஒன்றாகக் கலக்கப்பட்டது. அவர்களில் ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் தொகுதி முழுவதும் கெட்டது. 1982 ஜூலையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மூன்று ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு எய்ட்ஸ் தொடர்பான நுரையீரல் தொற்று வந்ததை அறிவித்தது. பிரிட்டனில் மட்டும் ரத்தக்கசிவு நோய் உள்ளவர்களில் சுமார் 1,250 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது, அவர்களில் சுமார் 380 பேர் குழந்தைகள். ட்ரெலோர் என்ற உறைவிடப் பள்ளியில் 1970-க்கும் 1987-க்கும் இடையே 122 ஹீமோஃபிலியா மாணவர்கள் படித்தார்கள். இன்று உயிரோடு இருப்பவர்கள் 30 பேர் அளவில்தான். சர் பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணை 2024 மே 20 அன்று அறிக்கை தந்தது. ஆபத்து தெரிந்தும் நோயாளிகளிடம் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாமலே பரிசோதனைகள் நடந்தன, நடந்தது விபத்து அல்ல என்று அது எழுதியது. பல்லாண்டுகளாக நோயாளிகளும் அவர்களின் குடும்பங்களும் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான்.

நோயாளிகள் சேர்ந்து நின்றதால் கிடைத்தவையும் உண்டு. உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பை 1963-இல் தொடங்கிய ஃபிராங்க் ஷ்னாபெல் மான்ட்ரியலைச் சேர்ந்த தொழில்முனைவர், கடுமையான ஹீமோஃபிலியா உள்ளவர். அவர் பிறந்த ஏப்ரல் 17-தான் உலக ஹீமோஃபிலியா தினம். இந்தியக் கூட்டமைப்பை 1983-இல் நிறுவிய அசோக் பகதூர் வர்மாவும் நோயாளிதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோஃபிலியாவும் தலசீமியாவும் சிக்கிள் செல் நோயும் இடம்பெற்றதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அமைப்புகளின் நீண்ட உழைப்பு இருக்கிறது.

இன்று நிலைமை வேகமாக மாறுகிறது. கசிந்தபின் ஓடுவதைவிடக் கசியாமல் தடுப்பது மேல் என்ற சிகிச்சை முறையை ஸ்வீடனின் மால்மோ நகரில் இங்கா மரீ நில்சன் 1950-களின் இறுதியிலேயே தொடங்கிவைத்தார். 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களின் மூட்டுகள் அவ்வளவாகக் கெடுவதில்லை, ஆகவே எல்லோரையும் அந்தக் கோட்டுக்கு மேலே வைத்திருப்போம் என்ற எளிய யோசனை. 2007-இல் அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு இதை உறுதிசெய்தது. கசிவைத் தடுக்க முறையாக ஃபேக்டர் ஊசி பெற்றவர்களில் 93 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் மூட்டுகள் எம்.ஆர்.ஐ.யில் இயல்பாக இருந்தன. கசிந்தபின் மட்டும் ஊசி போட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கே அப்படி இருந்தன. இந்த இரண்டாவது குழுவில் இருந்தவர்களும் உடனுக்குடன் நல்ல சிகிச்சை பெற்றவர்கள்தான்.

2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமிசிஸுமாப் ஃபேக்டர் 8 அல்ல, அதன் வேலையைச் செய்யும் ஓர் ஆன்டிபாடி. ஒரு கையால் ஃபேக்டர் 9-ஐயும் மறுகையால் ஃபேக்டர் 10-ஐயும் பிடித்து அருகருகே நிறுத்துகிறது. நரம்பைத் தேட வேண்டாம், தோலுக்கடியில் போட்டால் போதும். வாரம் ஒருமுறையோ, நான்கு வாரத்துக்கு ஒருமுறையோ. கடுமையான ஹீமோஃபிலியா-ஏ உள்ளவர்களில் ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம் பேரின் உடல் ஏற்றிய ஃபேக்டரையே எதிரியாகக் கருதி அழித்துவிடும். இன்ஹிபிட்டர் என்ற அந்தக் கொடுமையில் சிக்கியவர்களுக்கு இந்த மருந்து மறுபிறவி. 2024 டிசம்பரில் வேலூர் சி.எம்.சி. குழு மரபணு சிகிச்சையின் முடிவுகளை வெளியிட்டது. ஐந்து பேரின் ரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, ஃபேக்டர் 8 மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தியிருந்தார்கள். கவனித்த காலம் முழுவதும் ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவே இல்லை. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஆண்டுகள் போகப் போகத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனாலும் அந்தச் செய்தியை நான் எழுந்து நின்று படித்தேன்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒரு நோயாளி: அம்மா. குறையுள்ள மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அது பெரும்பாலும் தாய்வழியாக மகனுக்கு வருகிறது. இதைக் கேட்ட மாத்திரத்தில் பல வீடுகளில் மருமகள் குற்றவாளி ஆகிவிடுகிறாள். மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களில் முன்னோர் யாருக்கும் நோய் இருந்ததே இல்லை, மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றம் அது. யாரும் எதையும் செய்து வரவழைத்ததல்ல. கடத்தும் பெண்களுக்கும் ஃபேக்டர் குறைவாக இருக்கலாம். மாதவிலக்கில் பெருக்கு, பிரசவத்துக்குப்பின் நிற்காத ரத்தம், பல் பிடுங்கினால் அவதி. "எங்க பரம்பரைக்கே அப்படித்தான்" என்று அதை விட்டுவிடுகிறார்கள். ஃபேக்டர் 40 சதவீதத்துக்கும் கீழே உள்ள பெண்ணும் ஹீமோஃபிலியா நோயாளியே என்று இப்போது மருத்துவம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

நம் பக்கத்து வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஹீமோஃபிலியா உள்ள ஆணின் மகன்களுக்கு அவர் வழியாக நோய் வராது, மகள்கள் எல்லோரும் அதைக் கடத்துபவர்கள் ஆவார்கள். ஆனால் அவர் அக்கா மகளையே கட்டினால் கணக்கு மாறும். அக்கா கடத்துபவராக இருந்து, அந்தப் பெண்ணுக்கும் அது இறங்கியிருந்தால், பிறக்கும் பெண் குழந்தைக்கே கடுமையான ஹீமோஃபிலியா வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. தாய்மாமன் உறவில் சம்பந்தம் பேசும் வீடுகள் ஜாதகத்துக்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும்.

கேசுவாலிட்டியில் இருக்கும் டாக்டர்களையும் சிஸ்டர்களையும் கேட்டுக்கொள்வது இது: ஹீமோஃபிலியா உள்ள பிள்ளை "ஆரம்பிச்சிருச்சு" என்று சொன்னால், கண்ணுக்கு வீக்கம் தெரியவில்லை என்றாலும் ஃபேக்டர் போடுங்கள். தலையில் அடிபட்டு வந்தால் ஸ்கேனுக்கு அனுப்பும் முன்பே போடுங்கள். பெற்றோர்களுக்கு: தவழும் வயதில் முட்டியிலும் மார்பிலும் காரணமில்லாமல் நீலமாகக் கன்றிப்போனால், தடுப்பூசி போட்ட இடம் கட்டியாக வீங்கினால், விழுந்து உதட்டின் உட்பக்கம் கிழிந்து நாள்கணக்கில் ரத்தம் கசிந்தால், ஏ.பி.டி.டி. என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். அதற்கு ஆகும் செலவு குறைவுதான். அதில் உறையும் நேரம் நீண்டிருந்தால் ஃபேக்டர் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையின் அக்கா தங்கைகளுக்கும் சேர்த்து. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகவே கிடைக்கிறது.